சீமைமாதுளைப் பாலிங்காவும் திருப்பித் தரப்படாத மனைவியும்

கிஷ்பிர்ஷ் கிராமம்,
ஜனவரி கடைசி. பனி முழங்கால் வரை.

பெறுநர்:
உயர்திரு ஃபீட்டே பீட்டர்சன் அவர்கள்,
தொட்டில், சன்னலோரம்,
ஹாம்பர்க்.

பொருள்: ஆறு வாரத்துக்கென்று அனுப்பிவைக்கப்பட்ட என் மனைவி எடெல்காவைத் திருப்பி அனுப்புவது தொடர்பாக.

மாண்புமிகு பேரர் அவர்களுக்கு,

தங்கள் தாத்தா கொச்சோர் அம்ப்ருஷ் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் கோழிகளும் நலம். அங்கே தங்கள் வயிறு, காது, நான்கு பற்கள் ஆகியவை நலமாக இருப்பதை ஞாயிறுதோறும் கைபேசித் திரையில் கண்டு மகிழ்ந்து வருகிறேன். தங்களுக்கு இன்னும் ஒரு வயது நிறையவில்லை, வாசிக்கத் தெரியாது என்பதை அறிவேன். மாவட்ட நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான்; வாசிக்கத் தெரியாதவர்களுக்கு நோட்டீஸ் அனுப்புவது எனக்குப் புதிதல்ல. வீட்டில் இருக்கும் யாராவது வாசித்துக் காட்டுவார்கள். தங்கள் வீட்டில் யார் வாசிப்பார் என்பதும் எனக்குத் தெரியும். அதைப் பற்றி எனக்கு அக்கறை இல்லை. கடிதம் தங்களுக்குத்தான்.

வழக்கின் சுருக்கம் வருமாறு. போன மார்ச்சில் தாங்கள் பிறக்கவிருந்த சமயத்தில், தங்கள் தாயாரும் என் மகளுமான நோயெமிக்குத் துணையாக என் மனைவி பெட்டி கட்டினாள். “ஆறே வாரம் அம்ப்ருஷ். நீயும் வாயேன்” என்றாள். “மரத்தை யார் பாத்துக்கறது?” என்று கேட்டேன். “மரம் எங்கயும் போயிடாது.” “அதனாலதான் அதோட இருக்கேன்” என்றேன். அப்போது அது நல்ல பதிலாகத் தோன்றியது. ஆறு வாரம் முடிந்தபோது தங்களுக்கு வயிற்று உப்புசம். அது தீர்ந்தபோது தங்கள் தாயார் மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கினார். கிறிஸ்துமஸுக்குக் கட்டாயம் வருகிறேன் என்றாள், டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது, தங்கள் இடது காது வலித்தது. காதின் மீது குற்றம் சாட்டவில்லை. ஆனால் நீதிமன்றத்தில் இதைவிட மெலிதான சான்றுகளைக் கொண்டு ஆட்களை உள்ளே போட்டிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அழைப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். என் மனைவி கைபேசியைத் தங்கள் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்கிறாள். நான் தங்களைப் பார்க்கிறேன்: தாங்கள் கரண்டியைச் சப்புவது, கரண்டியை எறிவது, எறிந்த கரண்டிக்காக அழுவது. அவளில் எனக்குத் தெரிவதெல்லாம் திரையின் ஓரத்தில் ஒரு கட்டைவிரல். நகத்துக்குக் கீழே அதில் ஒரு தழும்பு உண்டு. கல்யாணமான புதிதில் வாத்து வெட்டும்போது பட்டது. நான் அழைப்பு முடியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். “தாத்தா கண்ண எடுக்காம உன்னையே பாக்குறாரு பாரு” என்று தங்களிடம் சொல்கிறாள். நான் மறுப்பதில்லை.

இனி இந்த ஓராண்டின் இழப்புகள். அக்டோபரில் நம் சீமைமாதுளை மரம் காய்த்துத் தள்ளிவிட்டது. தாங்கள் அந்தப் பழத்தை இன்னும் பார்த்திருக்க மாட்டீர்கள். மஞ்சளாக, முஷ்டி அளவில் இருக்கும். கல்லைப் போலக் கெட்டி. மேலெல்லாம் பூனைக்குட்டி போல ரோமம் போர்த்தியிருக்கும். பச்சையாகக் கடித்தால் வாய் மரத்துப்போகும். துணி பீரோவின் மேல் நாலைந்தை வரிசையாக வைத்தால் அறையெல்லாம் குளிர்காலம் முழுக்க மணக்கும். காய்ச்சி வடித்தால், இந்த மண்ணில் அதற்கு நிகரான பாலிங்கா, அதாவது பழச்சாராயம், கிடையாது. பிளம்ஸ்காரர்களும் ஆப்ரிகாட்காரர்களும் சொல்வதைக் காதில் வாங்க வேண்டாம். ஒரே தொல்லை அந்த ரோமம்தான். அதைத் துடைக்காமல் ஊறல் போட்டால் சரக்கு கசக்கும். ஆகவே ஒவ்வொரு பழமாகத் துணியால் துடைக்க வேண்டும். நம் வீட்டில் எடெல்கா துடைப்பாள், நான் நறுக்குவேன். துடைத்துக்கொண்டே ஊரில் அந்த வருடம் நடந்தது அனைத்தையும் சொல்லுவாள். யார் வீட்டு வேலி யார் நிலத்துக்குள் நகர்ந்தது, எந்த மருமகள் எந்த மாமியாரிடம் என்ன சொன்னாள். நீதிமன்றத்தில் நான் படித்த வழக்குகளின் உண்மையான காரணம் எனக்கு எப்போதும் அக்டோபரில்தான் தெரியவரும். இந்த முறை தனியே உட்கார்ந்து ஒரு கூடை துடைத்தேன். எதிர் நாற்காலி ஒன்றும் சொல்லவில்லை. ஊரில் ஒரு வருடமாக ஒன்றுமே நடக்கவில்லை போல இருந்தது. இரண்டாவது கூடையைத் தூக்கிக்கொண்டு போய்த் துணி துவைக்கும் இயந்திரத்தில் போட்டேன்.

முட்டாள்தனமாகப் போடவில்லை. தலையணை உறைகளில் நிரப்பி, வாயை இறுக்கிக் கட்டி, சோப்பில்லாமல், குளிர்ந்த நீரில், மிக மெதுவான சுற்றில் போட்டேன். ஊர்ப் பெண்கள் எல்லாரையும் போல எடெல்காவும் ஒவ்வொரு உறைக்குள்ளும் வாசனைக்காக லாவெண்டர் பூவை உலர்த்தி ஒரு சின்ன முடிச்சாக வைத்திருப்பாள் என்பது எனக்குத் தெரியும். அன்றைக்கு நினைவுக்கு வரவில்லை. தண்ணீர் நிரம்பும்வரை எல்லாம் அமைதியாக நடந்தது. பிறகு இயந்திரம் கல்லுடைக்கத் தொடங்கியது. அணைக்கலாம் என்று குளியலறைக்குள் ஓடினேன். நான் உள்ளே போனதும் அது இடத்தைவிட்டுக் கிளம்பி, குழாயை அறுத்துக்கொண்டு, நடந்து வந்து கதவை அடைத்துக்கொண்டு நின்றது. எங்கள் குளியலறைக் கதவு உள்பக்கமாகத்தான் திறக்கும். கணுக்கால் வரை தண்ணீர். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு பிரோஷ்கா சன்னலுக்கு வந்துவிட்டாள். அவள் கணவர் இறந்து பல வருடமாகிறது. அதற்குப் பின் ஊரைக் கவனித்துக்கொள்வது அவள்தான்.

“யாரு உள்ள? என்ன சண்ட?”

“நான் மட்டும்தான் பிரோஷ்கா.”

“ஒத்த ஆளு இவ்ளோ சத்தம் போடுவியா?”

“பழம் துவைக்கிறேன்.”

சன்னல் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தாள். பிறகு தணிந்த குரலில், “எடெல்காவுக்குப் போன் போடட்டுமா?” என்று கேட்டாள்.

“வேண்டவே வேண்டாம்.”

“கால் ஒடிஞ்சு கெடக்குறான்னு சொல்றேன். அடுத்த ப்ளேன்ல வந்துருவா.”

நான் உடனே பதில் சொல்லவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

“என்ன யோசன? நெசமாவே ஒடியணும்னா சொல்லு, கோடாலி எடுக்கத்தான் போறேன்” என்றாள். கோடாலி கதவுக்குத்தான் பயன்பட்டது. கதவு இப்போது கோழிக்கூட்டுக்குக் காற்றுத் தடுப்பாக இருக்கிறது. ஆனால் ரோமம்? ஒரு பழத்தில்கூட இல்லை. பளபளவென்று, திருமணத்துக்கு முகம் மழித்தவன் மாதிரி இருந்தன. லாவெண்டர் முடிச்சுகள் வெடித்து, அந்த நீலத் துகள் பழத்தின் காயங்களிலெல்லாம் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். கழுவினேன். போதிய அளவு கழுவினேன் என்றுதான் நினைத்தேன்.

அடுத்தது ஊறல். அரைத்துப் பீப்பாயில் போட்டு, மூடியில் வளைந்த கண்ணாடிக் குழாயைப் பொருத்திவிட்டால், உள்ளே நொதிக்க நொதிக்கக் காற்று அந்தக் குழாய்த் தண்ணீர் வழியாகக் ‘க்ளுக்’ என்று வெளியேறும். சத்தம் வரும்வரை ஊறல் உயிரோடு இருக்கிறது என்று பொருள். ஆனால் அதற்குக் குளிர் ஆகாது. போன அக்டோபரில் நிலவறை பனிக்கட்டியாகக் கிடந்தது. வீட்டில் கணப்படுப்பு எரிவது படுக்கையறையில் மட்டும்தான். அங்கே பீப்பாய் நிற்க இடமிருந்தது கட்டிலில் எடெல்கா படுக்கும் பக்கத்தை ஒட்டி மட்டும்தான். கதகதப்புக்காக அவளுடைய இறகுப் போர்வையைச் சுற்றிவிட்டேன். எல்லாம் தொழில்முறைக் காரணங்களுக்காகச் செய்யப்பட்டவை.

மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தால் பக்கத்தில் ‘க்ளுக்’. “இன்னைக்கு ரெண்டு முட்டதான்” என்று ஒருநாள் வாய்தவறிச் சொன்னேன். ‘க்ளுக்’ என்றது. எடெல்காவாக இருந்திருந்தால், “ரெண்டா? விறகுக் கட்டைக்குப் பின்னாடி பாத்தியா? நீ எங்க குனிஞ்சு பாக்கப்போற” என்றிருப்பாள். பீப்பாய் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. நான் சொன்ன அரசியல், வானிலை, பிரோஷ்காவைப் பற்றிய கருத்துகள் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டது. முதல் வாரம் பெரிய ஆறுதலாக இருந்தது. இரண்டாவது வாரம், விறகுக் கட்டைக்குப் பின்னால் போய்க் குனிந்து பார்த்தேன். மூன்று முட்டைகள் இருந்தன. வந்து பீப்பாயிடம் சொன்னேன். அதற்கும் அது ‘க்ளுக்’ என்றுதான் சொன்னது.

இதற்குள் ஊரில் செய்தி பரவிவிட்டது. அம்ப்ருஷ் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள். குள்ளம், நல்ல பருமன், எடெல்காவின் போர்வையைப் போர்த்திக்கொண்டே கிடக்கிறாள், பேச்சு குறைவு, அவன்தான் ஓயாமல் பேசுகிறான். சன்னல் வழியே திரட்டப்பட்ட சாட்சியம் இவ்வளவுதான். பங்குச் சாமியார் நேரில் விசாரிக்க வந்தார். வந்தவருக்கு முதலில் பழைய சரக்கில் ஒரு சின்னக் கிளாஸ் ஊற்றினேன். குடித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். நான் பேச்சை வளர்க்காமல் படுக்கையறைக்கு அழைத்துப்போய்ப் போர்வையை விலக்கிக் காட்டினேன்.

“இதுதானா?” என்றார். அவர் முகத்தில் தெரிந்தது நிம்மதியா ஏமாற்றமா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

“இதுதான் சாமி.”

‘க்ளுக்’ என்றது பீப்பாய்.

“நீங்க பேசினா இப்பிடித்தான் சொல்லுமா?”

“எது சொன்னாலும்.”

அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துகொண்டார். “கோயில் மேக்கூரை ஒழுகுறதுக்கு மேலிடத்துக்கு நாலு தடவ எழுதியாச்சு” என்றார், என்னைப் பார்க்காமல். ‘க்ளுக்’. “பதிலே கெடையாது.” ‘க்ளுக்.’ “ஞாயித்துக்கெழம பூசைக்கு வர்றது பதினோரு பேரு, அதுல ஏழு பேருக்குக் காது கேக்காது.” நான் அடுப்பில் விறகு வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். கிளம்பும்போது வாசலில் நின்று, “ஒத்தக் கால்ல எப்பிடி வீடு போய்ச் சேர்றது அம்ப்ருஷ்?” என்றார். இரண்டாவது காலாக இன்னொரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்தேன். அந்த மாதம் இன்னும் இருமுறை விசாரணைக்கு வந்தார்.

நவம்பர் கடைசியில் ஊறல் அடங்கியதும் வடிசாலைக்குக் கொண்டுபோனேன். அங்கே டெஜோ காய்ச்சுகிறான். முறைக்காகக் காத்திருப்பவர்கள் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, குச்சியில் பன்றிக் கொழுப்பைக் குத்தித் தீயில் வாட்டி, சொட்டுகிற நெய்யை ரொட்டியில் பிடித்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் ஊரில் ஆண்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. முதலில் வருவதை ஒதுக்கிவிட்டு, நல்ல சரக்கு இறங்கத் தொடங்கியதும், டெஜோ வழக்கம்போல் நாலு சொட்டு உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து முகர்ந்தான். மறுபடி முகர்ந்தான்.

“அண்ணே, இதுல என்ன போட்டீங்க?”

“பழம்.”

“பழம் தெரியுது. அதுக்குப் பின்னாடி ஒண்ணு வருதே.”

“என்ன வருது?”

“எங்க வீட்டு பீரோ” என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். “நேத்து குடிச்சது இவனுக்கு இன்னும் எறங்கல” என்றார் வெண்டெல். தச்சர், ஊரிலேயே உரக்கச் சிரிப்பவர். “கொண்டா இங்க, பீரோவா கட்டிலான்னு நான் சொல்றேன்.” உள்ளங்கையில் வாங்கித் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரம் கையை எடுக்கவே இல்லை. “இஸ்திரி போட்ட படுக்க விரிப்பு” என்றார். “யுடித் கெளம்பறதுக்கு முந்தின நாளு வீட்ல இருக்குற எல்லாத்தையும் போட்டு அடுக்கிவெச்சுட்டுப் போவா.” அவர் மனைவி யுடித் லின்ட்ஸ் நகரத்தில் யாரோ ஒரு கிழவரைக் குளிப்பாட்டிச் சோறூட்டிக்கொண்டிருக்கிறாள். டெஜோவின் மனைவி வியன்னாவில். பிறகு கை கையாக மாறியது. குளிர்காலத்தில் நம்மூர் வடிசாலையில் நாலு ஆண்கள் உள்ளங்கையில் முகம் புதைத்து உட்கார்ந்திருந்தார்கள். பன்றிக் கொழுப்பு தீயில் விழுந்து கருகியது. ஒருவரும் குனிந்து எடுக்கவில்லை. தங்களுக்கு இன்னும் விளங்காது, ஆனால் எங்கள் ஊரில் இது சாதாரண விஷயமல்ல.

போன சனிக்கிழமை ஊர் மண்டபத்தில் பாலிங்காப் போட்டி நடந்தது. நடுவர் குழுவுக்குத் தலைவர் சாமியார்தான். பழத்தைத் தவிர வேறெது சேர்ந்தாலும் அதைப் பாலிங்கா என்று அழைக்கக் கூடாது, சட்டமே அப்படி. எனக்குத் தெரியும், நான் போட்டிக்கு வைத்திருக்கவே கூடாது. டெஜோதான் வற்புறுத்தி வைக்கச் சொன்னான். என் கிளாஸ் நடுவர் மேசைக்குப் போனதும் பிரோஷ்கா எழுந்துவிட்டாள்.

“அதுல பூ இருக்கு சாமி! நான் என் கண்ணால பாத்தேன். துணி மெசின்ல போட்டு ஆட்டுனான்!”

“உக்காரும்மா. பூ இருக்கா இல்லையான்னு நாங்க பாக்க வேண்டாமா?” என்றார் சாமியார். பார்த்தார்கள். ஐயம் தீரவில்லை என்று மறுபடி பார்த்தார்கள். கடைசியில் சாமியார் எழுந்து தீர்ப்பு வாசித்தார்: விதிமீறல் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட்டது, சரக்கு தகுதியிழக்கிறது, சான்றுப் பொருள் முழுவதும் பரிசோதனையிலேயே தீர்ந்துபோனது. முதல் பரிசு யாருடைய பிளம்ஸுக்கோ போனது. கைதட்டினார்கள். பிறகு மண்டபத்தில் இருந்த பாதிப் பேர் என் மேசைக்கு வந்து நின்றார்கள். பிரோஷ்காவும் வந்தாள். “எனக்கும் கையில கொஞ்சம் ஊத்து” என்றாள். முகர்ந்தாள். கையை மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஃபீட்டே, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பாட்டில் மிச்சம் வைத்திருக்கிறேன். அது நன்றாக இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. சட்டம் கூடாது என்கிறது, வெண்டெல் இன்னும் கேட்கிறார், சாமியார் கடவுளுக்கு நன்றி சொல்கிறார், எனக்குத் தெரியாது. நம் வீட்டில் காய்ச்சுவது நான், தீர்ப்பு அவளுடையது. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். காலையில் காப்பிக்கு முன்னால், இரவுடையோடு சன்னலருகே நின்று, ஒரு வாய் குடிப்பாள். என்னைப் பார்க்க மாட்டாள், மரத்தைத்தான் பார்ப்பாள். பிறகு “தேறும்” என்பாள். அவ்வளவுதான். அவள் “தேறும்” என்று சொல்லாத எதையும் நான் விருந்தாளிக்கு ஊற்றியதில்லை. இப்போது தினமும் காலையில் அந்தப் பாட்டிலை எடுத்துச் சன்னலோரம் வைக்கிறேன். சாயங்காலம் எடுத்து உள்ளே வைக்கிறேன். மரம் மட்டும் அங்கேயே நிற்கிறது. சொன்னாளே, எங்கேயும் போகாது என்று. சரியாகத்தான் சொன்னாள்.

ஆகவே தாங்கள் மனமிரங்கி, என் மனைவியைக் காலதாமதமின்றி விடுவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அவளைவிட நன்றாகத் தாலாட்டுபவர்கள் ஹாம்பர்க்கில் கிடைப்பார்கள். பெரிய துறைமுகம், எல்லாம் வந்திறங்குகிறது. பதிலுக்கு, சிவப்புக் கோழியைத் தங்கள் பெயருக்கு எழுதித் தரத் தயார். மறுக்கும் பட்சத்தில் மேல்முறையீடு செய்ய எனக்கு வேறு மன்றமில்லை என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

தங்கள் கால்கள் நடக்கப் பழகட்டும், தங்கள் காது எந்தப் பண்டிகைக்கும் வலிக்காதிருக்கட்டும், தங்கள் பெற்றோரைத் தாங்கள் தூங்கவிடுவீர்களாக. கடிதத்தை வாசித்துக் காட்டியவருக்கும் என் வணக்கத்தைத் தெரிவிக்கவும். தொண்டை கட்டியிருந்தால் தேன் வைத்துக்கொள்ளச் சொல்லவும்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் மேல் அன்பும், தற்போது சிறிது மனக்குறையும் உள்ள,
கொச்சோர் அம்ப்ருஷ்,
நீதிமன்ற எழுத்தர் (ஓய்வு).

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகையில் தங்கள் தாயார் அழைத்தார். “அப்பா, அம்மா சனிக்கிழம வர்றாங்க, டிக்கெட் எடுத்தாச்சு” என்றார். கடிதம் போகும் முன்பே காரியம் முடிந்துவிட்டது. எழுந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். குளியலறைக்குக் கதவில்லை. துவைக்கும் இயந்திரம் நடைவழியில் நிற்கிறது. இறகுப் போர்வையில் ஊறல் வாசம். சமையலறையில் எது பாத்திரம் எது தரை என்று சொல்வதற்கில்லை. ஆகவே மேலே எழுதிய அனைத்தையும் வாபஸ் பெறுகிறேன். தாங்கள் எப்படியாவது அவளைப் புதன்கிழமை வரை அங்கே நிறுத்திவைக்க வேண்டும். காது வேண்டாம், பாவம். ஒரு பல் போதும். ஐந்தாவது பல், அதுவும் சின்னதாக, அதிகம் வலிக்காமல். ஒரு பல் முளைத்தால் அவள் அசைய மாட்டாள், எனக்குத் தெரியும்.

எழுதியதை இன்னொரு முறை வாசித்தேன். பல் வேண்டாம் ஃபீட்டே. சனிக்கிழமையே அனுப்பிவிடு. வந்து நடைவழியில் இடித்துக்கொண்டு, பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் திட்டட்டும். பல்லை அவள் ரெண்டு வாரம் இங்கே இருந்துவிட்டு வரும்வரை அடக்கி வை. அதைப் பார்க்க நாங்கள் இரண்டு பேருமாகக் கிளம்பி வருகிறோம். கோழிகளைப் பார்த்துக்கொள்ளச் சாமியாரிடம் சொல்லிவிட்டேன்.